நீலப் பந்து சிவப்புக்குப் பின்னால்: வாசகர் கேள்வி – பதில்

'சிம்பிள்பிளேன்ஸ்' விளையாட்டில் சொந்தமாக விமானம் கட்டிப் பறக்கவிடுவது பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஜன்ட்ரூ என்ற நிறுவனத்தின் இந்த விளையாட்டு போனிலும் ஓடும், கம்ப்யூட்டரிலும் ஓடும். இறக்கை, எஞ்சின், சக்கரம் என்று ஒவ்வொன்றாகப் பூட்டிக் கட்டியதை ஓட்டிப் பார்க்கலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம்.

சார், எனக்க விமானம் தரையை விட்டுக் கிளம்பின உடனே மூக்கைத் தூக்கி, மல்லாந்து, வால் பக்கமா விழுது. பவரைக் கூட்டியும் பாத்தாச்சு, குறைச்சும் பாத்தாச்சு. எங்க தப்பு?
– பிளஸ் ஒன் மாணவர், தக்கலை

எடை பின்பக்கம் கூடிப்போயிருக்கிறது. சைக்கிள் கேரியரில் பெரிய வாழைக்குலை ஒன்றைக் கட்டி மேட்டில் மிதித்தால் முன்சக்கரம் தூக்குமே, அதேதான் இதுவும்.

வடிவமைப்புத் திரையில் மூன்று பந்துகளைக் காட்டும் வசதி இருக்கிறது, அதை இயக்குங்கள். சிவப்புப் பந்து நிறை மையம். நீலம் ஏற்றுவிசை மையம், அதாவது இறக்கையும் வாலும் சேர்ந்து விமானத்தைத் தூக்கும் இடம். மஞ்சள் உந்துவிசை மையம். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நீலம் சிவப்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மூக்கு தற்செயலாகத் தூக்கும்போது கூடுகிற ஏற்றுவிசை வால் பக்கத்தைத் தூக்கி, மூக்கைத் திரும்ப இறக்கிவிடும். நீலம் முன்னால் போய்விட்டால் அதே விசை மூக்கை இன்னும் மேலே தள்ளும். நீங்கள் ஸ்டிக்கை முன்னால் தள்ளுவதற்குள் விமானம் மல்லாந்துவிடும்.

எவ்வளவு பின்னால் என்பதற்குக் கணக்கு உண்டு. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள சராசரி அகலத்தில் 10 முதல் 15 சதவீதம். அகலம் 2 மீட்டர் என்றால் 20 முதல் 30 சென்டிமீட்டர். 5 சதவீதத்துக்குக் கீழே போனால் தொட்டவுடன் துள்ளும். 30 சதவீதத்தைத் தாண்டினால் மூக்கு கனத்துப்போய், ஸ்டிக்கை முழுக்க இழுத்தாலும் ரன்வே முடியும்வரை எழாது.

சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் எஞ்சினையோ டேங்கையோ முன்னால் தள்ள முடியுமா என்று பாருங்கள். இடமில்லை என்றால் இறக்கையைப் பின்னுக்கு நகர்த்துங்கள். அதுவும் தோற்றத்தைக் கெடுக்கும் என்றால் வாலைப் பெரிதாக்குங்கள், நீலப் பந்து தானாகப் பின்னால் போகும். மூக்கில் டெட் வெயிட் (எடைக்காக மட்டும் சேர்க்கும் சுமை) ஏற்றுவது கடைசி வழி. ஏற்றும் ஒவ்வொரு கிலோவையும் இறக்கைதான் தூக்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: எரிபொருள். டேங்க் மூக்குப் பக்கம் இருந்தால், நிரம்பியிருக்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். பறக்கப் பறக்க மூக்கு இலேசாகி, சிவப்புப் பந்து பின்னால் நகர்ந்து, பத்து நிமிடம் கழித்து நீலத்தைத் தாண்டிவிடும். எல்லா டேங்கின் ஸ்லைடரையும் பூஜ்யத்தில் வைத்து ஒருமுறை பந்துகளைப் பாருங்கள். காலியிலும் நீலம் பின்னால்தான் இருக்க வேண்டும். டேங்கை நிறை மையத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழவே எழாது.

பவரைக் கூட்டும்போது மட்டும் மூக்கு எழுகிறது, குறைத்தால் இறங்குகிறது என்றால் கோளாறு வேறு. மஞ்சள் பந்து சிவப்புக்குக் கீழே கிடக்கிறது. எஞ்சினைச் சற்று உயர்த்தி இரண்டையும் ஒரே மட்டத்தில் கொண்டுவாருங்கள். மஞ்சள் மேலே இருந்தால் பவர் கூட்டும்போது மூக்கு குனியும்.

வால் எவ்வளவு பெரிசா இருக்கணும்னு ஏதாவது அளவு உண்டா, இல்ல கண்ணால பாத்துத்தான் வைக்கணுமா?
– அருமனை வாசகர்

அளவு உண்டு. நிஜ விமானம் வடிவமைப்பவர்கள் ஆரம்பக் கட்டத்தில் போடும் 'வால் கொள்ளளவு' கணக்கு விளையாட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

படுக்கை வாலின் பரப்பை, இறக்கைக்கும் வாலுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்குங்கள். வந்ததை, இறக்கைப் பரப்பையும் இறக்கையின் சராசரி அகலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். சாதாரண ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு விடை 0.5 முதல் 0.7 வரை வர வேண்டும். போர் விமானத்துக்கு 0.4 போதும். பயணிகள் ஜெட் என்றால் 1-ஐ ஒட்டி.

இறக்கையின் நீளம் நுனிக்கு நுனி 10 மீட்டர், அகலம் 1.5 மீட்டர் என்று வையுங்கள். பரப்பு 15 சதுர மீட்டர். வால் 4.5 மீட்டர் பின்னால் இருக்கிறது. 0.6 வர வேண்டுமானால் 0.6-ஐ 15-ஆலும் 1.5-ஆலும் பெருக்கி 4.5-ஆல் வகுக்க வேண்டும். 3 சதுர மீட்டர் வரும். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் ஒரு வால் போட்டால் சரியாக இருக்கும்.

நிற்கும் வாலுக்கும் இதே முறைதான். ஆனால் வகுக்கும் எண்ணில், அகலத்துக்குப் பதிலாக இறக்கையின் முழு நீளத்தைப் போட வேண்டும். விடை 0.04 வந்தால் போதும். மேலே சொன்ன விமானத்துக்கு அது 1.3 சதுர மீட்டர் அளவில் வரும். நிற்கும் வால் சிறுத்துப்போனால் விமானம் நேராகப் போகாது, மூக்கு இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும்.

சூத்திரத்தில் தூரமும் இருப்பதைக் கவனியுங்கள். வாலைப் பெரிதாக்குவதைவிடப் பின்னால் தள்ளுவது பல சமயம் மலிவு.

எங்க ஊர்ப் பக்கம் முழுக்கக் காத்தாடியா நிக்கும். அந்த இறக்கை மாதிரியே விமான இறக்கையையும் போடலாமா? கேம்ல மூணு வகை கேக்குது, எதைத் தேர்ந்தெடுக்க?
– ஆரல்வாய்மொழி வாசகர்

முப்பந்தல் காற்றாடிகளின் (மின்சாரம் எடுக்கும் காற்றாலைகள்) இறக்கையும் விமான இறக்கையும் ஒரே குடும்பம்தான். குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டிலும் முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் கூர்மை. காற்றாடி இறக்கை அடியிலிருந்து நுனி வரை முறுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நுனி வேகமாகவும் அடி மெதுவாகவும் சுற்றுவதால் வந்த முறுக்கு அது. விமானத்தின் முழு இறக்கையும் ஒரே வேகத்தில் போவதால் அவ்வளவு முறுக்கு தேவைப்படாது.

மூன்று வகையில், அடிப்பக்கம் தட்டையானது மெதுவாகப் பறக்கும் சரக்கு விமானத்துக்கும் பயிற்சி விமானத்துக்கும் நல்லது. மூக்கைத் தூக்காமலேயே ஏற்றுவிசை தரும். வேகம் கூடக்கூட மேலே இழுத்துக்கொண்டே போகும், தலைகீழாகப் பறக்கத் தோதுப்படாது. இருபக்கமும் ஒரே மாதிரி உள்ள சமச்சீர் வகையை வாலுக்கும் சாகச விமானத்துக்கும் போடுங்கள். வாலில் தட்டை வகையை மறதியாக வைத்துவிட்டு, மூக்கு ஏன் குனிகிறது என்று தேடுகிறவர்கள் அநேகம் பேர். நடுவாந்தர வகை மற்ற எல்லாவற்றுக்கும்.

நான் கடல்ல இறங்குற விமானம் செஞ்சேன். தண்ணில தொட்ட உடனே குப்புற விழுது. நிறுத்தி வச்சாலும் ஒரு பக்கமா சாயுது.
– குளச்சல் வாசகர்

வள்ளத்தில் சுமை ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது சுலபம். அணியத்தில் பாரம் கூடினால் மூக்கு அமுங்கும், அமரத்தில் கூடினால் பின்பக்கம் அமுங்கும். மிதவை விமானமும் அப்படியே.

முதலில் மிதவையின் அளவு. நிஜ மிதவை விமானத்தில் இரண்டு மிதவையும் சேர்ந்து, விமானத்தின் முழு எடையைத் தாங்கத் தேவையானதைவிட 80 சதவீதம் கூடுதலாகத் தாங்க வேண்டும் என்பது விதி. 1,500 கிலோ விமானம் என்றால் 2,700 கிலோ தாங்கும் மிதவை, ஒவ்வொன்றுக்கும் 1,350. விளையாட்டில் உடல் பாகங்களுக்கு மிதப்பு ஸ்லைடர் இருக்கிறது. மிதவைக்கு மட்டும் அதைக் கூட்டுங்கள், விமான உடலுக்கு வேண்டாம்.

அடுத்து இடம். இரண்டு மிதவைகளின் நடுப்பகுதி சிவப்புப் பந்துக்கு நேர் கீழே வர வேண்டும். பக்கவாட்டில் சாய்வதற்குக் காரணம் மிதவைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது. கட்டுமரம் அகலமாக இருப்பதால்தான் அலையில் நிற்கிறது. மிதவைகளைத் தள்ளி வையுங்கள், சிவப்புப் பந்து எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

குப்புற விழுவதற்குக் காரணம் வேறு. தண்ணீர் மிதவையைப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்பு நிறை மையத்துக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் கீழே நடக்கிறது. மேலே உள்ள உடல் முன்னால் பாய, கீழே கால் தடுக்கிய மாதிரி ஆகிவிடுகிறது. மூன்று வேலை செய்யுங்கள்: மிதவையின் முன்முனை புரொப்பல்லருக்கும் முன்னால் நீள வேண்டும், முனையை மேல்நோக்கி வளைக்க வேண்டும், இறங்கும்போது மூக்கை 4, 5 டிகிரி தூக்கிப் பின்பாதி முதலில் தண்ணீரைத் தொடும்படி இறக்க வேண்டும்.

சோதிக்கும்போது உடனே பறக்க வேண்டாம். தண்ணீரில் நிறுத்தி, பவரை முழுக்க மூடி, அரை நிமிடம் அசைவை மட்டும் பாருங்கள். நிற்கும்போதே சாய்கிற விமானத்தைப் பறக்கவிட்டுப் பயனில்லை.

தேஜஸ் விமானத்தை அச்சு அசலா செஞ்சுட்டேன். பாக்க அருமையா இருக்கு. ஆனா பறக்க மாட்டேங்குது.
– நாகர்கோவில் வாசகர்

அச்சு அசலாகச் செய்ததால்தான் பறக்கவில்லை. தேஜசுக்குப் படுக்கை வால் கிடையாது, முக்கோண இறக்கை மட்டும்தான். சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காக அதன் நிலைத்தன்மையை வேண்டுமென்றே தளர்த்தி வடிவமைத்திருக்கிறார்கள். 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலில் பறந்தபோதே அதைக் கம்ப்யூட்டர்தான் பிடித்து வைத்திருந்தது. நான்கு வழித்தடங்கள் கொண்ட டிஜிட்டல் கட்டுப்பாடு ஒவ்வொரு நொடியும் பலமுறை இறக்கைப் பரப்புகளைத் திருத்துகிறது. அந்தக் கம்ப்யூட்டர் உங்கள் விமானத்தில் இல்லை.

எளிய வழி, வெளித்தோற்றத்தை விட்டுவிட்டு எடையை மட்டும் மாற்றுவது. மூக்குப் பாகங்களில் டெட் வெயிட்டை ஏற்றி, நீலம் சிவப்புக்குப் பின்னால் வரும்வரை கொண்டுவாருங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

கடினமான வழி, 'ஃபங்கி ட்ரீஸ்' என்ற சூத்திர வசதியில் நீங்களே ஒரு கட்டுப்பாட்டை எழுதுவது. அதில் பிஐடி என்ற சார்பு உண்டு, வேண்டிய அளவுக்கும் இப்போதைய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத் திருத்தும். வேண்டிய அளவு, இப்போதைய அளவு, பிறகு மூன்று எண்கள் கொடுக்க வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் எது எதைச் செய்கிறது என்றே தெரியாமல் போகும். இரண்டாவதையும் மூன்றாவதையும் பூஜ்யமாக வைத்து, முதல் எண்ணைச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். விமானம் நடுங்க ஆரம்பிக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு அதில் பாதிக்கு இறக்குங்கள். பிறகு மூன்றாவது எண்ணை மிகச் சிறிய அளவில் சேர்த்தால் ஆட்டம் அடங்கும். விமானம் எதிர்ப்பக்கம் ஓடினால் குறியைக் கூட்டலிலிருந்து கழித்தலுக்கு மாற்றுங்கள்.

அளவைச் சரிபார்க்கக் கேட்டவர்களுக்கு: நீளம் 13.2 மீட்டர், இறக்கை நுனிக்கு நுனி 8.2 மீட்டர், இறக்கைப் பரப்பு 38.4 சதுர மீட்டர். விளையாட்டில் உங்கள் விமானத்தின் விவரப் பட்டியலில் இந்த அளவுகள் வரும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மேல், பக்கம், முன் என மூன்று தோற்றப் படங்களைத் திரையின் பின்னணியில் வைத்து அதன்மேல் கட்டும் வசதியும் இருக்கிறது. மூன்று படமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று முதலில் நீளத்தை வைத்துச் சரிபார்க்காவிட்டால், மூக்கும் வாலும் பொருந்தாமல் பாதியில் நிற்க வேண்டிவரும்.

ரன்வேல ஓடும்போது 100 கிலோமீட்டர் வேகம் தாண்டின உடனே ஒரு பக்கமா இழுத்துட்டுப் போய்ப் புல்லுல இறங்குது.
– மார்த்தாண்டம் வாசகர்

பின்சக்கரங்கள் சிவப்புப் பந்துக்கு எவ்வளவு பின்னால் இருக்கின்றன என்று பாருங்கள். நிறை மையத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு, அங்கிருந்து சக்கரத்துக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் இடையில் 15 டிகிரி அளவு வேண்டும். நிறை மையம் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் சக்கரம் 40 சென்டிமீட்டர் பின்னால். அதைவிட நெருங்கினால் வால் தரையில் உட்காரும். ரொம்பப் பின்னால் போனால் மூக்கைத் தூக்கவே முடியாது, முன்சக்கரத்தில் எடை முழுக்க இறங்கி விமானம் திசை மாறி ஓடும்.

அது சரியாக இருந்தும் இழுத்தால், முன்சக்கரத்தின் திருப்பக் கோணத்தைக் குறையுங்கள். மெதுவாக உருளும்போது 30 டிகிரி திருப்பம் தோதாக இருக்கும், வேகத்தில் அதே 30 டிகிரி விமானத்தைக் கவிழ்க்கும். கடைசியாக, இடது வலது சக்கரங்கள் இரண்டும் இம்மி பிசகாமல் நேராக இருக்கின்றனவா என்று சுழற்சி எண்களைத் திறந்து பாருங்கள். கையால் நகர்த்தி வைத்த சக்கரத்தில் அரை டிகிரி கோணல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மிரர் வசதியால் மறுபக்கத்தை உருவாக்கினால் இந்தக் கோணலே வராது.

மடக்கும் இறக்கை வச்சேன். இறக்கை ஜெல்லி மாதிரி ஆடுது.
– திருவட்டார் வாசகர்

சின்ன ரொட்டேட்டரில் (சுழலும் இணைப்புப் பாகம்) கனமான இறக்கையைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். இணைப்பின் இரண்டு பக்கத்திலும் எடை வித்தியாசம் அதிகமானால் இயற்பியல் கணக்கு தடுமாறும். இறக்கையின் எரிபொருளை எடுத்துவிடுங்கள், ரொட்டேட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள பாகங்களின் எடையை நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று ரொட்டேட்டர் அடுக்குவதைத் தவிருங்கள்.

எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை வைத்து ஒரு பாடம் நடத்த முடியுமா?
– அறிவியல் ஆசிரியை, இரணியல்

தாராளமாக, டீச்சர். ஒரே பாடத்தில் ஒரே உறவை எடுங்கள்: எடைக்கும் கிளம்பும் வேகத்துக்கும் உள்ள உறவு. ஒரு எளிய விமானத்தைக் கட்டி, அதன் எடையை டெட் வெயிட்டால் இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள். வேகமும் இரட்டிப்பாகும் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். ஆகாது. 2-இன் வர்க்கமூலமான 1.41 மடங்குதான் ஆகும். முன்பு மணிக்கு 120 கிலோமீட்டரில் கிளம்பியது இப்போது 170-ஐ ஒட்டிக் கிளம்பும். ஏற்றுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் கூடுவதே காரணம்.

எடையைச் சிவப்புப் பந்து இருக்கும் இடத்திலேயே ஏற்ற வேண்டும். மூக்கில் ஏற்றினால் சமநிலை மாறி, எண் தப்பாக வரும். மூன்று முறை ஓட்டி சராசரி எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் மூக்கைத் தூக்கும் கோணம் ஒன்றாக இருக்க வேண்டும்.

நான் செஞ்ச விமானத்தைக் கூட்டாளிக்கு எப்படி அனுப்ப? வாட்ஸ்அப்ல ஃபைலா அனுப்பப் பாத்தேன், ஃபோல்டரே காணல. அவனுக்க போன்ல டவுன்லோட் பண்ணினா கேமே நின்னு போகுது.
– குழித்துறை வாசகர்

கம்ப்யூட்டரில் 'ஏர்கிராஃப்ட் டிசைன்ஸ்' என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு விமானமும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலாக இருக்கும். அதை டாக்குமென்டாக அனுப்பி, வாங்கியவர் அதே பெயருள்ள தன் ஃபோல்டரில் போட்டால் போதும். போனில் ஆண்ட்ராய்டு 11 முதல், ஆப்களின் உள் ஃபோல்டரை ஃபைல் மேனேஜரில் திறக்கவிடாமல் பூட்டிவிட்டார்கள். அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை.

போனுக்கு நல்ல வழி, விளையாட்டுக்குள்ளிருந்தே அப்லோட் செய்வது. ஊரறியக் காட்ட வேண்டாம் என்றால் பட்டியலில் வராதபடி ஏற்றும் வசதி இருக்கிறது. லிங்க் வைத்திருப்பவர் மட்டும் எடுக்கலாம். லிங்கில் உள்ள அடையாளக் குறியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வரும். பார்த்து டைப் செய்யாமல் காப்பி செய்தே அனுப்புங்கள்.

கேம் நின்றுபோவது பாகங்களின் எண்ணிக்கையால். 3, 4 ஜிபி ராம் உள்ள போனுக்கு 200 பாகங்களுக்குள் முடிப்பது பாதுகாப்பு. 400-ஐத் தாண்டியதைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு மட்டும் கொடுங்கள். காக்பிட்டுக்குள் நாற்காலி, மீட்டர், சுவிட்ச் என்று வைப்பதில்தான் எண்ணிக்கை ஏறுகிறது. வெளியிலிருந்து தெரியாததை நீக்கி, போனுக்கென்று தனிப் பதிப்பாகச் சேமியுங்கள். மாட் (விளையாட்டுக்கு வெளியே செய்த கூடுதல் இணைப்பு) பாகம் ஏதாவது சேர்த்திருந்தால், அந்த மாட் இல்லாதவரால் விமானத்தைச் சரியாகத் திறக்க முடியாது. அதை விளக்கத்தில் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

விளக்கத்தை அக்கறையோடு எழுதுங்கள். விமானம் கட்டியவருக்கு எந்தப் பட்டன் எதற்கு என்று கை தானாகப் போகும், வாங்கியவருக்குத் தெரியாது. ஒரு நல்ல விளக்கம் இப்படி இருக்கும் ('குழு' என்பது பாகங்களை இயக்கும் எண் பட்டன், 'ட்ரிம்' என்பது மூக்கின் சாய்வைச் சரிசெய்யும் ஸ்லைடர்):

"மணிக்கு 140 கிலோமீட்டரில் மூக்கைத் தூக்கவும். இறங்கும் வேகம் 120. குழு 1 கதவு, குழு 2 விளக்கு, குழு 8 மிதவை. ட்ரிம்மைக் கால்வாசி கீழே வைத்தால் நேராகப் பறக்கும். டேங்க் காலியானதும் மூக்கு இலேசாகும்."

ஏற்றுவதற்கு முன், அந்த விமானத்தை ஒருமுறைகூட ஓட்டாத ஒருவரிடம் கொடுத்து, ரைட் ஏர்போர்ட்டிலிருந்து கிளம்பித் திரும்ப இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே திணறுகிறாரோ, அங்கே விமானத்தையோ விளக்கத்தையோ திருத்த வேண்டும்.

வேற ஒருத்தர் போட்ட விமானத்தை எடுத்து இறக்கையை மாத்தி, பெயிண்ட் அடிச்சு என் பேர்ல போடலாமா?
– கருங்கல் வாசகர்

போடலாம், அவர் பெயரைச் சொல்லிப் போடுங்கள். எடுத்த விமானத்தைத் திருத்தி ஏற்றினால், எதிலிருந்து வந்தது என்று மூல விமானம் தானாகவே உங்கள் பக்கத்தில் இணையும். அதை மறைக்கப் பாகங்களைப் புதிய திட்டத்தில் ஒட்டுகிற வேலை வேண்டாம். விளக்கத்தின் முதல் வரியில் மூல விமானத்தின் பெயர், அடுத்த வரியில் நீங்கள் மாற்றியது என்ன என்று எண்ணோடு எழுதுங்கள்: "இறக்கை 22 சதுர மீட்டரிலிருந்து 26, இறங்கும் வேகம் 150-லிருந்து 138." அப்படி எழுதினால் மூல விமானத்தைக் கட்டியவரே வந்து உங்கள் இறக்கையை ஓட்டிப் பார்ப்பார்.